விலங்குப் புரதக் காரணி ஹார்மோன் அன்று

1940களில் கோழித் தீவன ஆய்வில் தெரியவந்த ‘வளர்ச்சிக் காரணி’ ஒரு ஹார்மோன் என்றும், வேலூர்ப் பக்கத்துப் பண்ணைகளின் தீவனத்தில் அதுவே கலக்கப்படுகிறது என்றும் மேலே ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் குழப்பம் தரக்கூடியதுதான். ஆனால் அக்காரணி வைட்டமின் பி12 ஆகும், ஹார்மோன் அன்று.

மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் மட்டுமே தின்ற குஞ்சுகள் வளர்ச்சி குன்றியதையும், மீன் தூளோ கல்லீரல் சாறோ, ஏன், மாட்டுச் சாணமோ சேர்த்தபோது அவை தேறியதையும் கண்ட ஆய்வாளர்கள், இன்னதென்று அறியப்படாத அப்பொருளை ‘விலங்குப் புரதக் காரணி’ என்றழைத்தனர். (குப்பைமேட்டைக் கிளறும் நம் நாட்டுக்கோழி, நுண்ணுயிர்கள் உண்டாக்கும் இச்சத்தைத் தானே தேடிக்கொள்கிறது.) 1948இல் அமெரிக்காவின் மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் பி12ஐச் செந்நிறப் படிகமாகப் பிரித்தெடுத்து, அதே ஆண்டில் அது குஞ்சுகளின் வளர்ச்சியைத் தூண்டுவதையும் காட்டினர்.

சரிபார்க்க விரும்புவோர், படிக பி12 குறித்து 1948ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரையை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். அதைவிட எளிது, காட்பாடியிலோ குடியாத்தத்திலோ உள்ள தீவனக் கடையில் கோழிக்கான வைட்டமின் கலவைப் பொட்டலத்தை வாங்கி, அதன்மேல் அச்சிட்ட பட்டியலைப் படிப்பது. சிலவற்றில் ‘சயனோகோபாலமின்’ என்றிருக்கலாம், அதுவும் பி12தான்.