முதியோர் பராமரிப்பு ஆராய்ச்சி எங்கள் தெருவுக்கு எப்போது வரும்?

முதியோர் பராமரிப்பில் புதுமை, ஆராய்ச்சி என்று பேச்சு வந்தாலே ரோபோ, செயலி, கையில் கட்டுகிற சென்சார் வாட்ச் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் கிராமங்களில் இருந்து யோசித்தால் முதலில் ஆராய வேண்டிய ஆள் வேறு. படுத்த படுக்கையாக இருப்பவரை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்கிற அந்த ஒருவர். பெரும்பாலும் பெண். மனைவி, மகள், மருமகள், இல்லையென்றால் சம்பளத்துக்கு வந்த ஓர் அக்கா. அவர் கைக்கு என்ன வேலை தெரியும், அவர் இடுப்பு எத்தனை வருஷம் தாங்கும், அவருக்கே காய்ச்சல் வந்தால் அன்றைக்கு யார் வந்து நிற்பார்கள் என்பதையெல்லாம் யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதாத வரைக்கும் மற்ற புதுமைகள் எங்கள் வாசற்படி ஏறாது.

டெல்டாவின் நிலைமை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிள்ளைகள் சிங்கப்பூரில், துபாயில், திருப்பூரில், சென்னையில். நிலம் குத்தகையில். வீட்டில் வயதானவர்கள் இரண்டு பேர். மக்கள்தொகைக் கணிப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 2021ல் 13.6 சதவீதம், 2031ல் 18.2 சதவீதம். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். எழுபத்தைந்து வயதுக்காரரை எழுபது வயது மனைவி தூக்கி உட்காரவைக்கிறார், அவருக்கே மூட்டுவலி, சர்க்கரை. மகன் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார், வீடியோ காலில் கண் கலங்குகிறார். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பணம் கொடுத்தால் கிடைக்கிற உதவி என்று இங்கே ஒன்று இருந்தால்தானே அவர் வாங்கித் தருவார்?

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அதில் குறையே இல்லை. டிஸ்சார்ஜ் அன்று மருந்துச் சீட்டு, ஸ்கேன் கவர், மறுபடி வரவேண்டிய தேதி எல்லாம் கைக்கு வந்தது. வீட்டுக்குப் போனதும் அத்தையை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று மட்டும் ஒருவரும் காட்டவில்லை. அதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கிற, நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா. பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் விரித்துவிட வேண்டும். நகர்த்தும்போது வேட்டியின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேர் நகர்த்த வேண்டும், கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, விழுந்த பக்கத்துத் தோள் மூட்டிலிருந்து நழுவிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி, மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் முதுகின் அடி, இடுப்பெலும்பு, குதிகால் மூன்றையும் பார்க்க வேண்டும். தோல் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது. கஞ்சி கொடுக்கும்போது நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். கொடுத்த உடனே படுக்கவைத்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

ஒரு மத்தியானத்தில் அந்த அக்கா சொல்லித் தந்த இவ்வளவுதான் அத்தைக்குப் புண் வராமல் காத்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் டிஸ்சார்ஜுக்கு முன்னால் ஒரு மணி நேரம், வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரையே பக்கத்தில் நிறுத்தி, அவர் கையாலேயே செய்யவைத்துச் சொல்லிக்கொடுக்க என்ன தடை?

ஏர் பெட் வாங்கலாமே என்பார்கள். வாங்குகிறார்கள்தான். அதற்குள் மாற்றி மாற்றிக் காற்றடிக்க மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையேறிய பிறகு இந்தப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் உறவில் ஒரு பெரியவரின் ஏர் பெட் முதல் நாளே சப்பையாகிவிட்டது. மகள் பழைய புடவைகளை மடித்து மடித்து இடுப்புக்கும் குதிகாலுக்கும் அண்டை கொடுத்துச் சமாளித்தார். கரண்ட் இல்லாமல், கூரை ஒழுகினாலும் ஊறிப்போகாமல், இரண்டு பெண்கள் தூக்கிப் போடுகிற கனத்தில் ஒரு படுக்கை. புயல் வருகிற ஊருக்கு இது ஆராய்ச்சி இல்லையா?

எங்கள் வீடுகளையும் சொல்ல வேண்டும். உயரமான திண்ணை, காலைத் தூக்கித் தாண்ட வேண்டிய நிலைப்படி, கொல்லைக் கோடியில் கக்கூஸ். ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே போகிற பாதை முழுக்கப் பாசி. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, அத்தோடு படுக்கையானவர்களை ஊருக்கு ஊர் காட்டலாம். சுவரோடு ஒரு கைப்பிடிக் குழாய், ஒரு சரிவுப் பலகை, ராத்திரிக்கு ஒரு விளக்கு போட்டால் எத்தனை பேர் விழாமல் தப்பிப்பார்கள் என்று இங்கேயே செய்து பார்த்து எண்ணிச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் ஆராய்ச்சியே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2017-18ல் 45 வயதும் அதற்கு மேலும் ஆன 72,000 பேருக்கு மேற்பட்டவர்களைச் சந்தித்து, வயதாவதைப் பற்றி நாடு முழுக்க எடுத்த லாசி (LASI) ஆய்வு இருக்கிறது. அதன் தொடர்ச்சியாக வந்த இன்னொரு ஆய்வு, 60 கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஏறக்குறைய 88 லட்சம் பேர். சரி, எண்ணிக்கை தெரிந்துவிட்டது, அந்த வீடுகளுக்கு என்ன செய்வது? அதைக் கோவாவில் செய்து பார்த்தார்கள். மறதி நோயாளிகள் இருக்கிற 81 குடும்பங்களை எடுத்துக்கொண்டு, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனநல மருத்துவரின் மேற்பார்வையில் வீடுகளுக்கு அனுப்பினார்கள். 2008ல் முடிவு வெளியானது. பார்த்துக்கொள்கிறவர்களின் மனநலம் தேறியிருந்தது. பெரிய கருவி எதுவும் இல்லை, பேசத் தெரிந்த ஓர் ஆள் வீட்டுக்கு வந்து போனதுதான்.

கேரளத்தில் 1993ல் கோழிக்கோட்டில் ஒரு சிறு வலி நிவாரண மையமாக ஆரம்பித்தது மலப்புறத்தில் மக்கள் இயக்கமாகி, 2008ல் மாநிலக் கொள்கையே ஆனது. இன்றைக்கு அங்கே பஞ்சாயத்து சார்பில் நர்ஸ் வீட்டுக்கு வருகிறார். படுக்கையில் இருப்பவரைக் கவனித்துக்கொள்கிறவருக்கு ஆஸ்வாசகிரணம் என்று மாதம் 600 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. தொகை சின்னது. ஆனாலும் நீ செய்வது ஒரு வேலை என்று அரசாங்கம் ஒத்துக்கொள்கிறது பாருங்கள், அது எனக்குப் பெரிய விஷயம்.

ஜப்பானை எல்லாரும் ரோபோவுக்காகத்தான் சொல்வார்கள். நான் சொல்வது 2000 ஏப்ரலில் அவர்கள் கொண்டுவந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டை. 40 வயதிலிருந்து எல்லாரும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். வயதானவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று ஏழு நிலைகளாகப் பிரித்து மதிப்பிட்டு அதற்கேற்ப உதவி கொடுக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது குறுகிய காலத் தங்கல். பெரியவரைச் சில நாள் ஒரு மையத்தில் விட்டுவிட்டு வீட்டில் இருப்பவர் ஓய்வு எடுக்கலாம், சொந்த வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். இங்கே தங்கை பெண் கல்யாணத்துக்குக்கூடப் போக முடியாமல் எத்தனை பெண்கள் வீட்டோடு கிடக்கிறார்கள்!

நம் அரசாங்கமும் சும்மா இல்லை. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது, படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்ஸையும் பிசியோதெரபிஸ்டையும் அனுப்புகிறது. உண்மையிலேயே நல்ல திட்டம். ஆனால் ஒரு வட்டாரத்தையே சுற்றி வர வேண்டிய அவர்கள் ஒரு வீட்டில் எவ்வளவு நேரம்தான் உட்கார முடியும்? 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு 2024ல் மத்திய அரசு கொண்டுவந்ததும் நல்லதுதான், ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். வீட்டுக்குத் திரும்பிய பிறகு வருஷக்கணக்கில் ஆகிற டயப்பருக்கும் ஆள் சம்பளத்துக்கும் அதில் இடமில்லை.

இன்னொன்று. நடவு மிஷின் வந்த பிறகு வயலில் பெண்களுக்கு வேலை குறைந்துவிட்டது. அவர்களில் சிலர்தான் இப்போது டவுனில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள். ராத்திரி பகல் அங்கேயே தங்கல், பயிற்சி கிடையாது, வார லீவு கிடையாது, பெரியவர் இறந்துவிட்டால் மறுநாளே வேலையும் இல்லை. இவர்களுக்கு முறையான பயிற்சியும் சான்றிதழும் நியாயமான கூலியும் கிடைத்தால் இரண்டு வீடுகள் பிழைக்கும். நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவர்கள் சேர்ந்து ஓர் ஒன்றியத்தை எடுத்துக்கொண்டு, இப்படிப் பயிற்சி பெற்ற பெண்கள் வந்து போகிற ஊர்களையும் வராத ஊர்களையும் இரண்டு வருஷம் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எத்தனை பேருக்குப் புண் வந்தது, எத்தனை பேர் மறுபடி அட்மிட் ஆனார்கள், பார்த்துக்கொண்டவர் எத்தனை மணி நேரம் தூங்கினார். இந்த மூன்றையும் எழுதினாலே போதும், மேற்கொண்டு பணத்தை எங்கே போடுவது என்று தெரிந்துவிடும்.

வருகிற கிராம சபையில் நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து இரண்டு கோரிக்கை வைக்கப் போகிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதம் ஒரு நாள், வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி. தாலுகா ஆஸ்பத்திரியில் குறுகிய காலத் தங்கலுக்கு இரண்டு கட்டில். மனு எழுதியாகிவிட்டது. உங்கள் ஊரிலும் கொடுப்பதாக இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், நகல் அனுப்புகிறேன்.