கண் கலங்குவது எந்த இடத்தில்?

ஜாஸ் பியானோ கேட்டு ஜனங்கள் அழுவதற்குக் கலைஞரின் விரல் வேகமே காரணம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு ஒப்புதல் இல்லை. வேகத்துக்குக் கைதட்டல் கிடைக்கும், அவ்வளவுதான். இசை உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா 1991இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணீர் வந்ததாகக் கேட்டவர்கள் குறித்த இடங்களில் அதிகம் இருந்தது அப்போஜியாடுரா. அதாவது, கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களுக்கு) ஒட்டாத சுரம் தாளத்தின் அழுத்தமான தட்டில் விழுந்து, பிறகு ஒரு படி நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். இடது கையில் சி மேஜர் கார்டு பிடித்து, மேலே எஃப் வாசித்து, சற்றுத் தாமதித்து ஈ-க்கு இறங்கிப் பாருங்கள். அந்தத் தாமதத்தில்தான் நெஞ்சு பிசையும். எதிர்பாராத கார்டு வந்தால் புல்லரிக்கும், அது தனி.

ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் 1975இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடத்திய கச்சேரியையே எடுங்கள். கிடைத்த பியானோவில் மேல் கட்டைகள் கீச்சென்றன, கீழே கனமில்லை. அவர் பெரும்பாலும் நடுப்பகுதியிலேயே நின்று, இடது கையில் ஒரே சிறு சுர வரிசையைத் திரும்பத் திரும்ப உருட்டினார். கேட்பவர் மனம் அதில் காத்திருக்கப் பழகிவிடுகிறது.

நம்ம நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஆலயங்களில் வாசிக்கிற பிள்ளைகள் கவனிக்க வேண்டியது: 61 கட்டை கீபோர்டில் டச் ரெஸ்பான்ஸ் (தொடும் வேகத்துக்கேற்பச் சத்தம் மாறும் வசதி) ஆஃபில் இருந்தால் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். முதலில் அதை ஆன் பண்ணுங்கள். கார்டு மாறும்போது சஸ்டெய்ன் பெடலில் (விரலை எடுத்தாலும் சுரத்தை நீட்டிக்கும் மிதி) இருந்து காலைத் தூக்கி, புதிய கார்டு விழுந்த உடனே மிதியுங்கள். மிதித்தபடியே இருந்தால் பழைய கார்டும் புதிய கார்டும் குழம்பி, அந்தச் சுரம் ஒட்டிக்கொள்ளும் இறக்கம் காதில் விழாது. மிக்சரில் கம்ப்ரஸரை (மெல்லிய, பலத்த சத்தங்களின் வித்தியாசத்தைச் சுருக்குவது) குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் விரலில் கொண்டுவந்த மென்மை ஸ்பீக்கரில் வராது.