வியாசர்பாடிக்கு எந்தக் கட்டம்?

ஒன்பது கட்டம் போட்டு, ஆளுக்கொரு கட்டத்தில் போட்டோ ஒட்டும் மீம் மறுபடியும் சுற்றுகிறது. லாஃபுல் குட் (சட்டத்தை மதிக்கும் நல்லவர்), ட்ரூ நியூட்ரல் (எந்தப் பக்கமும் சாயாதவர்), கேயாட்டிக் ஈவில் (எதற்கும் அடங்காத கெட்டவர்) என்று. நடிகர்களை வைத்துச் செய்தவரை சரி. இப்போது சென்னையின் ஏரியாக்களையே பிரித்திருக்கிறார்கள். மயிலாப்பூர் லாஃபுல் குட்டாம், வடசென்னையின் வியாசர்பாடி கேயாட்டிக் ஈவிலாம். பார்த்ததும் வயிறு எரிந்தது.

இந்த ஒன்பது கட்டம் வந்ததே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைக் கதை விளையாட்டிலிருந்துதான். எனக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு அது. 1974-ல் அது வந்தபோது சட்டம், நடுநிலை, ஒழுங்கின்மை என்று மூன்றே பக்கம்தான். நல்லது கெட்டது என்ற இன்னொரு அளவு பிறகு சேர்ந்தது. 1978-ல் வந்த அதன் விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஒன்பதும் இருக்கின்றன. சட்டப்படி நடக்கிறாரா, நல்லது செய்கிறாரா என்ற இரண்டு கேள்வியையும் தனித்தனியாகக் கேட்க வைத்ததே பெரிய விஷயம்.

எண்ணூருக்கு வாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் முழுக்கப் பரவியது. படகும் வலையும் கறுத்துப்போன மீனவர்களே மக்கும் பக்கெட்டுமாக இறங்கி அதை மொண்டு எடுத்தார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் அதற்கு முன்பே பல வருடமாக அந்த ஆற்றில் சேர்கிறது. ஆலை என்றால் அனுமதிக் காகிதம் இருக்கும், அதனால் லாஃபுல். நியாயம் கேட்டு ரோட்டில் உட்காரும் அக்காக்கள் கேயாட்டிக். அப்படியே இருக்கட்டும். இதில் குட் யார், ஈவில் யார்?

அந்த விளையாட்டே ஒரு இடத்தில் தப்பு செய்தது. அதில் வரும் அரக்கர்களைப் பட்டியல் போட்ட 1977 மான்ஸ்டர் மேனுவல் புத்தகத்தில், ஓர்க் என்ற கற்பனை இனம் மொத்தமும் லாஃபுல் ஈவில். ஓர்க்காகப் பிறந்தாலே கெட்டவன். அந்தச் சித்திரிப்பு சரியில்லை என்று 2020-ல் வெளியீட்டாளர்களே சொல்லி மாற்ற ஆரம்பித்தார்கள். நமக்கு இது கற்பனை இல்லை. 1871-ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், சாதி சாதியாக மனிதர்களைப் பிறப்பிலேயே குற்றவாளி என்று எழுதி வைத்தது. நாடு முழுக்க அது போக 1952 ஆனது.

சட்டம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஒரு நேர்காணலில் என் ஏரியா வடசென்னைப் புளியந்தோப்பு என்று சொன்னதும், “அங்கே ஒரே வெட்டுக்குத்தாச்சே” என்றார் எதிரே இருந்தவர். என் மார்க் ஷீட் அவர் கையில்தான் இருந்தது. அதற்கப்புறம் படிப்பைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. எங்கள் பக்கத்துப் பையன்கள் பலர் பயோடேட்டாவில் சொந்தக்காரர் வீட்டு அட்ரஸ் போடுவது ஏன் என்று நினைக்கிறீர்கள்?

2015 வெள்ளத்தில் ஊருக்குள் படகைக் கொண்டுவந்து ஆட்களை மீட்டவர்கள் மீனவர்கள். அதே குப்பத்தில் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனும் இருக்கிறான். அவனுக்கு நான் சப்பைக்கட்டு கட்டமாட்டேன். அடிப்பது ஈவில், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது அவன் செய்த காரியம். அவன் தெருவுக்கும் அவன் பிள்ளைக்கும் அதை ஏன் ஒட்டுகிறீர்கள்?

மீம் போட்ட நண்பர்களே, வியாசர்பாடியை அந்தக் கட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஆற்றில் சாம்பலை விடுவது எந்தக் கட்டம் என்று யோசித்து, முதலில் அதை ஒட்டுங்கள்.