உட்கார ஓர் இடம்

செல்ஃப் கேர், அதாவது தன்னைத் தானே பார்த்துக்கொள்வது என்று யாராவது சொன்னால் எனக்கு ஃபேஸ் மாஸ்க்கோ வாசனை மெழுகுவத்தியோ நினைவுக்கு வருவதில்லை, எரிகா ஹக்கின்ஸ்தான் வருகிறார். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியில் இருந்தவர். 1969 ஜனவரியில் அவர் கணவர் ஜானைச் சுட்டுக் கொன்றபோது கைக்குழந்தைக்கு மூன்று வாரம்தான். சில மாதத்தில் எரிகாவையும் ஒரு கொலை வழக்கில் பிடித்து, 1971-ல் வழக்கு தள்ளுபடியாகும்வரை உள்ளேயே வைத்திருந்தார்கள். அந்தச் சிறையில்தான் அவர் தானாகவே யோகாவும் தியானமும் பழகினார். உடைந்துபோகாமல் இருக்கணும், பார்க்க வரும் குழந்தைக்கு அம்மாவாக இருக்கணும், அதற்காக.

வெளியே வந்தபிறகும் அதைத் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை. ஓக்லாந்தில் கட்சி நடத்திய பள்ளிக்குப் பொறுப்பேற்று, அங்கே பிள்ளைகளையும் தியானத்தில் உட்கார வைத்தார். கட்சியோ ஊர் ஊராக இலவச மருத்துவ மையம் திறந்தது, கறுப்பின மக்களை அதிகம் தாக்கிய அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய்க்கு அரசு பெரிதாக எதுவும் செய்யாத காலத்தில் ரத்தப் பரிசோதனை செய்தது. உன் உடம்பை யாரும் மதிக்காத இடத்தில் அதை நீயும் உன் ஆட்களும் சேர்ந்து காப்பாற்றுவது, அதுதான் அங்கே செல்ஃப் கேர். கவிஞர் ஆட்ரி லார்ட் கல்லீரல் வரை பரவிய புற்றுநோயோடு இருந்தபோது, தன்னைப் பார்த்துக்கொள்வது சொகுசு இல்லை, அரசியல் போர் என்று எழுதியது 1988-ல். இன்றைக்கு அந்த வரியைப் போட்டு சோப்பு விற்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

யோகா வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் தினமும் காலையில் செய்கிறேன். ஆனால் வேலை செய்பவர்களைப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு ‘மூச்சை இழுத்து விடுங்க’ என்று வகுப்பு எடுப்பது என்ன நியாயம்?

நம் பக்கத்தில் செல்ஃப் கேர் என்று நான் சொல்வது ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரக் கேட்டதைத்தான். கால் நரம்பு சுருட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போகணுமே என்று குடிக்காமலே நின்றவர்கள். கேரளத்தில் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடித்தான் 2018-ல் சட்டம் வந்தது, அப்புறம் 2021-ல் தமிழ்நாட்டிலும் வந்தது. வேலை நேரத்தில் உட்கார இருக்கை தரணும், அவ்வளவுதான் சட்டம்.

போன மாதம் ஒரு கடைக்குப் போயிருந்தேன். ஸ்டூல் இருந்தது, அதன்மேல் சேலைக் கட்டு அடுக்கியிருந்தது. அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, “நீங்க உட்காருங்கக்கா, நான் மெதுவாப் பாக்குறேன்” என்றேன். அவர் முதலில் திரும்பி சூப்பர்வைசர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தார்.