திரை வெளிச்சத்தில் முகம் கருக்குமா?

"எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் வெயிலில் நின்ற மாதிரி முகம் கருத்துவிடும்" என்று ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. வெயிலில் முகத்தைக் கருக்கும் புற ஊதாக் கதிர் எல்இடி திரையிலிருந்து வருவதில்லை என்றே சொல்லலாம். அதன் நீல ஒளியும் வெயிலில் இருப்பதில் சிறு துளிதான்.

1980களில் நார்வே, ஸ்வீடனில் திரை முன் வேலை செய்தவர்கள் முகம் சிவக்கிறது, எரிகிறது என்றது உண்மை. அவை பழைய டியூப் மானிட்டர்கள். கையை அருகில் கொண்டுபோனாலே முடி சிலிர்க்கும், கண்ணாடியில் தூசி அப்பிக்கிடக்கும். திரையில் சேர்ந்த அந்த நிலைமின்சாரமும் வறண்ட அறைக் காற்றும் காரணமாக இருக்கலாம் என்று அப்போது பேசினார்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் பைக்கில் வரும்போது படுகிற வெயில்தான் முகத்தைக் கருக்கும். சன்ஸ்கிரீனை அதற்குப் பூசுங்கள். ஏசி காற்று நேரே முகத்தில் அடித்தால் இடம் மாறி உட்காருங்கள். அப்புறமும் முக எரிச்சல் போகவில்லையா? ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள்.