வயலுக்குப் போகிற வழியில் விளக்கேற்றும் தண்ணீர்

போன ஐப்பசியில் குடும்பத்தோடு ஹரித்வார் போயிருந்தோம். ஹர் கி பைரி படித்துறையில் இறங்கினால் தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முங்க வேண்டிய இடத்தில் கூழாங்கல் தெரிந்தது. சிறுவர்கள் கயிற்றில் காந்தத்தைக் கட்டி இழுத்து நாணயம் தேடிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு தூரம் வந்தும் இப்படியா என்று என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. பூக்கடைக்காரர் ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். தசராவிலிருந்து தீபாவளி வரைக்கும் கால்வாயை அடைத்துத் தூர்வாருவார்களாம். வருடா வருடம் நடப்பதுதானாம்.

கால்வாயை அடைத்தால் கங்கையில் ஏன் தண்ணீர் குறைய வேண்டும் என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. ஹர் கி பைரியை ஒட்டி ஓடுவது மேல் கங்கைக் கால்வாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் கிளை. மூல ஆறு சற்றுத் தள்ளி, அகன்ற மணல் படுகையில் கிடக்கிறது. கால்வாய்க்காரர்கள் மதகை இறக்கினால் படித்துறையில் கூழாங்கல்தான். 1916-லேயே இதற்காகப் போராட்டம் நடந்திருக்கிறது. விடுதலைப் போராட்டத் தலைவர் மதன் மோகன் மாளவியா முன்னின்று பேசி, புனித நீராட நொடிக்கு 1,000 கன அடியாவது தடையில்லாமல் ஓட வேண்டும் என்று வெள்ளைக்கார அரசிடம் ஒப்பந்தம் வாங்கினார்.

நான் காவிரியில் கதவணை (ஷட்டர் வைத்த தடுப்பணை) மின்நிலையம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓடுகிற கால்வாயின் அடித்தளத்தைப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். மறுநாள் கார் பிடித்து ரூர்க்கி வரைக்கும் கால்வாய்க் கரையிலேயே போனேன். கால்வாய்த் தண்ணீரில் மின்சாரம் எடுப்பது பற்றி அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1837-38இல் வடக்கே பெரும் பஞ்சம். சுமார் 8 லட்சம் பேர் செத்தார்கள் என்பது கணக்கு. அதற்குப் பிறகுதான் கங்கைக்கும் யமுனைக்கும் நடுவிலுள்ள நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் யோசனைக்கு உயிர் வந்தது. ப்ரோபி காட்லி என்ற ராணுவ அதிகாரி திட்டம் போட்டார். 1842-இல் மண் வெட்டத் தொடங்கி, 1854 ஏப்ரல் 8-ஆம் தேதி ரூர்க்கியில் தண்ணீர் திறந்தார்கள். அந்த வேலைக்கு ஆள் தயார் செய்யத்தான் ரூர்க்கியில் 1847-இல் பொறியியல் கல்லூரி தொடங்கினார்கள். இன்றைய ஐஐடி அதுதான். மண் சுமக்க 1851-இல் ஒரு ரயில் எஞ்சினையே அங்கே ஓட்டியிருக்கிறார்கள்.

ஹரித்வாரிலிருந்து ரூர்க்கி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதற்குள் நான்கு காட்டாறுகள் குறுக்கிடுகின்றன. ராணிப்பூர் ஆறும் பத்தரி ஆறும் கால்வாய்க்கு மேலே பாலம் போட்டதுபோல் கடந்து போகின்றன. தனௌரியில் ரத்மாவ் ஆறு கால்வாயின் மட்டத்திலேயே உள்ளே வந்து வெளியே போகிறது, நடுவில் மதகுகள். ரூர்க்கியில் சோலானி ஆறு கீழே ஓட, கால்வாய் அதன் தலைக்குமேல் தொட்டிப்பாலத்தில் போகிறது. மேலே, சமமாக, கீழே என்று மூன்று வழியையும் ஒரே மனிதர் 30 கிலோமீட்டருக்குள் செய்து பார்த்திருக்கிறார். சோலானி பாலத்தின் கற்சிங்கங்களுக்குப் பக்கத்தில் நின்றபோது கை தானாகக் கூப்பிக்கொண்டது.

ஆனால் காட்லிக்குப் பெரிய தலைவலி ஆறுகளைவிடச் சரிவுதான். இமயமலை அடிவாரத்தில் நிலம் சரசரவென்று இறங்குகிறது. நிலத்தின் போக்கிலேயே கால்வாயை வெட்டினால் தண்ணீர் வேகமெடுத்து அடிமண்ணையும் கரையையும் அரித்துவிடும். அதனால் கால்வாயை மெதுவான சரிவில் கொண்டுபோய், மிச்சமிருக்கிற உயரத்தை ஆங்காங்கே செங்கல் படி கட்டி ஒரே இடத்தில் தொப்பென்று இறக்கினார். அந்தப் படிகளை அந்த ஊர்க்காரர்கள் ‘ஜால்’ என்கிறார்கள். மீரட் பக்கம் போலா கி ஜால், சலாவா ஜால், முசாஃபர்நகர் பக்கம் நிர்கஜினி ஜால், சித்தோரா ஜால் என்று ஊர்ப்பெயரே அதில்தான் வழங்குகிறது.

இந்த இடத்தில் நமக்குத் தெரிந்த ஒருவர் வருகிறார். முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன். காட்லியின் கால்வாய் திறந்த பிறகு அதைக் கடுமையாக விமர்சித்தார்: கால்வாய் ஆற்றிலிருந்து பிரியும் இடம் மலையடிவாரத்தில் இருந்திருக்கக் கூடாது, சரிவு அதிகம் என்று. இரண்டு பேரும் மாறி மாறித் துண்டுப்பிரசுரம் போட்டு மோதிக்கொண்டார்கள். சரிவு விஷயத்தில் காட்டன் சொன்னது சரியாகவே இருந்தது. ஜால்களுக்குக் கீழே படுகை அரிக்க ஆரம்பித்தது. 1860களில் ஒரு குழு ஆராய்ந்து கால்வாயைச் சீரமைக்க வேண்டியதாயிற்று. காவிரி டெல்டாவின் மண்ணில் பாடம் படித்த ஒருவர் கங்கைக்கே கணக்கு சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. அதற்காகக் காட்லி சின்னவர் ஆகிவிடமாட்டார். அவ்வளவு பெரிய கால்வாயை முன்மாதிரி இல்லாமல் வெட்டியவர் அவர்.

சரி, மின்சாரத்துக்கு வருகிறேன். ஜால் கட்டியதே தண்ணீரின் வேகத்தைக் கொல்லத்தான். ஓரத்தில் மாவு அரைக்கும் தண்ணீர் மில்கள் கொஞ்சம் பயன்படுத்திக்கொண்டன, அவ்வளவுதான். மற்றபடி முக்கால் நூற்றாண்டு அந்தச் சக்தி நுரையாகவும் இரைச்சலாகவும் வீணானது. 1920களின் கடைசியிலிருந்து வில்லியம் ஸ்டாம்ப் என்ற பாசனத்துறைப் பொறியாளர் அந்த ஜால்களில் டர்பைன் வைத்து, ஒன்றோடொன்று கம்பியிழுத்து இணைத்தார். போலா, பல்ரா, சுமேரா, சித்தோரா, சலாவா, நிர்கஜினி எல்லாமே அந்த வரிசை. போலாவின் திறன் இன்றைக்கு 2.7 மெகாவாட், நிர்கஜினி 5. கேட்கச் சின்ன எண்கள்தான். ஆனால் அந்த மின்சாரத்தை வைத்து 1930களில் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் அரசே சுமார் 1,500 ஆழ்குழாய்க் கிணறு போட்டது. கால்வாய்த் தண்ணீர் எட்டாத வயலுக்கு, கால்வாய் தந்த மின்சாரம் நிலத்தடி நீரை ஏற்றிக் கொடுத்தது. 1932-இல் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவைப் பக்கம் கிணற்று மோட்டார் பரவியதைத் தாத்தாக்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சுதந்திரத்துக்குப் பிறகு இதே கால்வாயில் இன்னும் இரண்டு மின்நிலையங்கள் வந்தன. முகமதுபூர் 1952-இல், 9.3 மெகாவாட். பத்தரி 1955-இல், 20.4 மெகாவாட்.

பத்தரியின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். நொடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு மீட்டர் உயரம் இறங்கினால் 9.81 கிலோவாட். பத்தரியில் தண்ணீர் இறங்குவது 10 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நொடிக்குச் சுமார் 250 கன மீட்டர். பெருக்கினால் 24 மெகாவாட்டுக்குக் கிட்டே வரும், இழப்பு போக 20. பைக்காராவில் தண்ணீர் சுமார் 3,000 அடி உயரத்திலிருந்து ஊசிபோல் பீய்ச்சி பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் அடிக்கும். கொஞ்சம் தண்ணீர், மலையளவு உயரம். கால்வாயில் நேர்மாறு. ஆளுயரம் ஐந்தாறு மடங்குதான் இறக்கம், ஆனால் ஆற்றளவு தண்ணீர். அதற்கு கப்ளான் டர்பைன், கப்பலின் விசிறி மாதிரி. தண்ணீரின் அளவுக்கேற்ப இலைகளைத் திருப்பிக்கொள்ளலாம். காவிரியில் நாங்கள் வைத்திருந்தது பல்ப் டர்பைன். ஜெனரேட்டரே தண்ணீருக்குள் ஒரு உருண்டைக் கூட்டுக்குள் படுத்திருக்கும்.

கால்வாய் மின்நிலையத்தில் வேலை பார்ப்பவனின் பயம் வேறு. மலையில் மெஷின் டிரிப் ஆகி திடீரென்று நின்றால் வால்வை மூடிவிட்டுக் காரணத்தைத் தேடலாம். கால்வாயில் அது நடக்காது. மேலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். டர்பைன் நின்ற சில நிமிடங்களில் பக்கத்து ஷட்டரைத் தூக்கி அதே அளவை விடாவிட்டால் மேலே மட்டம் ஏறிக் கரை உடையும், கீழே வாய்க்கால் காயும். அதனால்தான் இந்த நிலையங்களில் டர்பைனுக்குப் பக்கத்தில் தண்ணீர் தப்பிப்போக ஒரு வழி எப்போதும் தயாராக இருக்கும். எங்கள் கதவணையிலும் அப்படித்தான். ஒரு மழை இரவில் மூன்று மணிக்கு கிரிட் (மின்தொகுப்பு) போய், இரண்டு மெஷினும் ஒன்றாக நின்றது. மோட்டார் இயங்காமல் ஷட்டரைக் கையால் சுற்றி ஏற்றினோம். நாலு பேர், முக்கால் மணி நேரம். உள்ளங்கைத் தோல் உரிந்தது. டெல்டாவுக்குப் போகிற தண்ணீர் ஒரு சொட்டும் எங்களால் நிற்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு நிமிரும்.

நான் சொல்ல வந்த விஷயத்தின் வேர் அந்த இரவில்தான் இருக்கிறது. தண்ணீர் யாருக்காகப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. மின்சாரம் அதற்குப் பின்னால்.

ஹரித்வாருக்கு மேலே சில்லா என்று ஒரு மின்நிலையம். 1980 வாக்கில் ஓடத் தொடங்கியது, 144 மெகாவாட். ரிஷிகேசத்தில் பசுலோக் தடுப்பணையில் கங்கையைத் திருப்பி, 14 கிலோமீட்டருக்கு மேல் கான்கிரீட் கால்வாயில் கொண்டுபோய், ஒரே இடத்தில் 30 மீட்டருக்கு மேல் இறக்கி மறுபடி ஆற்றில் விடுகிறார்கள். பொறியியல் என்று பார்த்தால் அழகான வேலை. அணையின் பின்னால் ஊர் மூழ்கவில்லை. ஆனால் அந்தக் கால்வாயிலிருந்து ஒரு வயலுக்கும் தண்ணீர் போகவில்லை. மின்சாரத்துக்காக மட்டுமே ஆற்றை ஆற்றிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கோடையில், பனிக்காலத்தில் அந்த இடைவெளியில் படுகையைப் பார்த்தால் மனது கனக்கும். அதோடு அந்தக் கால்வாய் ராஜாஜி தேசியப் பூங்காக் காட்டுக்குள் போகிறது. செங்குத்தான கான்கிரீட் கரை. தலைமுறை தலைமுறையாகக் காட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கிய யானைகளுக்கு இப்போது ஒருசில இடங்களில்தான் வழி.

பத்தரியும் சில்லாவும் இரண்டுமே ‘கால்வாய் மின்நிலையம்’தான். ஒன்றில் எப்படியும் வயலுக்குப் போகப்போகிற தண்ணீர் வழியில் ஒரு வேலை செய்துவிட்டுப் போகிறது. இன்னொன்றில் வேலைக்காகவே தண்ணீரைப் பிடித்து வந்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா?

நம் சட்டங்கள் பார்ப்பது மெகாவாட்டைத்தான். 25 மெகாவாட் வரைக்கும் சிறு நீர்மின்சாரம். மத்திய அரசின் 2006 அறிவிக்கைப்படி 25-க்குக் கீழே சுற்றுச்சூழல் அனுமதியும் தேவையில்லை. மலையில் ஒரு சிற்றாற்றை மொத்தமாகக் குழாய்க்குள் திருப்பி 24 மெகாவாட் எடுத்தால் அது ‘சிறு’. காவிரியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று கதவணைக்குக் கதவணை 30 மெகாவாட். மேட்டூரிலிருந்து டெல்டாவுக்கு எப்படியும் போகிற தண்ணீரில் எடுப்பது, ஆனாலும் அது ‘பெரிது’. கதவணைகளாலும் பாதிப்பு உண்டு. ஓடுகிற ஆறு அங்கங்கே தேங்கிய குளமாகிறது, மீன் ஏறி வர முடிவதில்லை. கூடவே இருந்து பார்த்தவன் நான், மறைக்கமாட்டேன். ஆனாலும் அளக்க வேண்டியது மெகாவாட்டை இல்லை. ஆற்றிலிருந்து புதிதாக எவ்வளவு தண்ணீர் எடுக்கிறாய், எத்தனை கிலோமீட்டருக்கு ஆற்றைக் காய விடுகிறாய் என்பதைத்தான்.

பாசனக் கால்வாய்க்கும் இது பொருந்தும். ஹரித்வாரில் பீம்கோடா தடுப்பணைக்குக் கீழே மழையில்லா மாதங்களில் கங்கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். 2018 அக்டோபர் 9-இல் மத்திய அரசு ஒரு அறிவிக்கை போட்டது: பீம்கோடாவுக்குக் கீழே அக்டோபர் முதல் மே வரை நொடிக்கு 36 கன மீட்டராவது விட வேண்டும், ஜூன் முதல் செப்டம்பர் வரை 57. கால்வாயில் 250, ஆற்றில் 36. இந்த விகிதத்தை நினைத்துப் பாருங்கள். அறிவிக்கை வந்த இரண்டாம் நாள், கங்கைக்காக 111 நாள் உண்ணாவிரதம் இருந்த ஜி.டி. அகர்வால் இறந்துபோனார். அவர் ரூர்க்கியில் படித்த பொறியாளர், உத்தரப் பிரதேசப் பாசனத்துறையில் வேலை தொடங்கியவர், பின்னாளில் ஐஐடி கான்பூர் பேராசிரியர். கால்வாய்க்காகத் தொடங்கிய கல்லூரியில் படித்த ஒருவர் ஆற்றுக்காக உயிரை விட்டார். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதனால் என் கோரிக்கை இதுதான். ஏற்கெனவே ஓடுகிற பாசனக் கால்வாயில் எங்கெல்லாம் படி இருக்கிறதோ, அங்கெல்லாம் டர்பைன் வையுங்கள், பழையவற்றைப் பழுதுபாருங்கள். 2 மெகாவாட், 3 மெகாவாட் என்று ஒதுக்காதீர்கள். ஒரு ஊரும் மூழ்காது, ஒரு மரமும் சாயாது. ஆனால் மெஷின் ஓடவேண்டும் என்பதற்காகக் கால்வாயில் ஒரு கன அடிகூட அதிகம் எடுக்கக் கூடாது. மின்நிலையம் பாசன அட்டவணைக்குக் கட்டுப்பட்டது, பாசனம் ஆற்றின் பங்குக்குக் கட்டுப்பட்டது. இந்த வரிசை மாறக் கூடாது.

வரும் சித்திரையில் மறுபடி ஹரித்வார் போகிறோம். என் மனைவிக்குப் படித்துறையில் நிறைந்த கங்கை வேண்டும். எனக்குப் பத்தரியில் மூன்று மெஷினும் ஓடும் சத்தத்தைக் கேட்க வேண்டும். அப்புறம் பீம்கோடாவுக்குக் கீழே இறங்கி, அங்கே ஆறு எப்படி இருக்கிறது என்று பார்த்து வந்து எழுதுகிறேன்.