ஆசை காணாது என்று யார் சொன்னது?

மூன்றாந்தரமும் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை எடுத்து, இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி மருத்துவத்துக்குப் போதாமல் போன அன்றிரவு தங்கச்சியின் மகள் என் கட்டிலில் வந்து குந்தினாள். "பெரியம்மா, எனக்கு ஆசை காணாது போல. உண்மையா ஆசைப்பட்டிருந்தா கிடைச்சிருக்கும்தானே" என்றாள்.

இது எங்கேயிருந்து வந்த கதை என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. புத்தகத்தைக் கொடுத்ததே நான்தான். கொழும்பு மருதானையில் டீ.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய 'அல்கெமிஸ்ட்' நாவல். முதல் பக்கத்தில் யாரோ யாருக்கோ நீல மையில் பிறந்தநாள் வாழ்த்து எழுதிய பிரதி. ஒருவர் ஒன்றை முழு மனத்தோடு விரும்பினால் பிரபஞ்சமே கூடிநின்று அதை நடத்திவைக்கும் என்று கிழட்டு அரசன் சொல்லும் இடத்தில், பிள்ளை பென்சிலால் இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு கிழமை யோசித்தேன். அந்த நாவலை நெஞ்சோடு வைத்திருக்கிறவர்கள் என் நட்பு வட்டத்தில் நிறையப் பேர். நான் முழுதாகப் படித்து முடித்த முதல் ஆங்கிலப் புத்தகமும் அதுதான். சின்னச் சின்ன வசனம், இரண்டு இரவில் முடிந்துவிடும், "எனக்கும் வாசிக்க ஏலும்" என்ற தெம்பு வரும். அந்தப் பெருமை அதற்குச் சேரத்தான் வேண்டும். என் சண்டை அது தரும் வாக்குறுதியோடு.

பிரேசில் எழுத்தாளர் பாவ்லோ கொய்லோ 1988இல் போர்த்துக்கேய மொழியில் அதை வெளியிட்டார். முதல் பதிப்பாளர் 900 பிரதி அடித்துவிட்டு, இது போகாது என்று கைகழுவினார். பிறகு அது 80க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது, தமிழிலும் 'ரசவாதி'யாக வந்தது. பார்த்தீர்களா, அவரே ஆசைப்பட்டு வென்றார் என்று இதையே சான்றாகக் காட்டுகிறார்கள். எங்கள் எழுத்தாளர்கள் 300, 500 பிரதி அடித்து, தமிழ்ச் சங்கத்தில் வெளியீடு வைத்து, சிறப்புப் பிரதி கொடுத்து முடித்தபின் மிச்சத்தைப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கிறார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் நான் சாப்பிட்டிருக்கிறேன், அந்தப் பெட்டிகள் காலில் இடிபட்டிருக்கின்றன. அந்த மனிதர்களுக்கு ஆசை குறைவென்று சொல்ல எனக்கு வாய் வராது.

கதையின் எலும்பும் பழையது. ஆயிரத்தொரு இரவுகளில் வருகிறது, 13ஆம் நூற்றாண்டில் பாரசீகக் கவிஞர் ரூமியும் பாடியிருக்கிறார். சொத்தெல்லாம் இழந்த பாக்தாத்காரன் கனவை நம்பிக் கெய்ரோவுக்குப் போகிறான். அங்கே கள்ளன் என்று பிடித்து அடிக்கிறார்கள். காவல் தலைவன் சிரிக்கிறான்: "எனக்கும்தான் பாக்தாத்தில் இன்ன வீட்டில் புதையல் என்று மூன்று தரம் கனவு வந்தது, நான் போனேனா?" அவன் அடையாளம் சொன்னது அடிவாங்கியவனுடைய வீடு. நாவலில் புதையல் தேடிப் போகும் இடையன் சந்தியாகோ பிரமிட்டடியில் அடிவாங்கும்போது நடப்பதும் இதேதான். ஆனால் பழைய கதை அதிசயத்தைச் சொல்லிவிட்டு நிற்கிறது. புதியது அதிலிருந்து எல்லாருக்கும் பொதுவாக ஒரு சட்டம் செய்கிறது. சட்டம் என்று வந்துவிட்டால் தோற்றவன் குற்றவாளியாகிவிடுகிறான்.

அந்த நாவலில் எனக்குப் பிடித்த மனிதர் தான்ஜியரில் பளிங்குக் கண்ணாடிச் சாமான் கடை வைத்திருப்பவர். மக்காவுக்குப் போவது அவர் கனவு. போய்விட்டால் பிறகு எதற்காக உயிர்வாழ்வது என்ற பயத்தில் போகாமல் இருக்கிறார். வெள்ளவத்தைக் கடைகளில் இப்படிப்பட்ட ஐயாமாரை எனக்குத் தெரியும். நாவல் அவரைத் துணியாதவர் என்று ஓரத்தில் விட்டுவிட்டு இடையனோடு போய்விடுகிறது. இடையன் காதலிக்கும் பாத்திமாவின் கதை இன்னும் மோசம். ஆணுக்குப் புதையல், பாலைவனப் பெண்ணுக்கு அவன் வரும்வரை காத்திருப்பதே கனவு. இருபது வயதில் இது எனக்கு உறைக்கவேயில்லை, அதை நினைத்தால் இப்போது கோபம் வருகிறது.

காத்திருப்பு என்றால் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு போராட்டம் இருந்த அம்மாமாரைத்தான் நினைக்கிறேன். விடை கிடைக்காமலே கண்மூடியவர்கள் எத்தனை பேர். அவர்களைவிட முழு மனத்தோடு ஒன்றை விரும்பியவர்களை எனக்குக் காட்டுங்கள்.

எங்கள் பிள்ளைக்கு நடந்ததற்கு விளக்கம் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய தரத்துக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்றுதான் நெடுங்காலம் பிரித்தார்கள். எங்கள் கொழும்பின் வெட்டுப்புள்ளி பெரும்பாலும் மேலே நிற்கும். பின்தங்கிய மாவட்டப் பிள்ளைக்கு அந்த ஏற்பாடு தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் இருக்கும் இடங்கள் கொஞ்சம், கேட்கும் பிள்ளைகள் ஆயிரமாயிரம். மூன்று தரத்துக்கு மேல் வாய்ப்பும் இல்லை. இதற்குள் ஆசையை அளக்க எங்கே இடம்?

தயவுசெய்து ரிசல்ட் வந்த கிழமையில் யாருக்கும் இந்தப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். பயணம் போகிறவர்களுக்குக் கொடுங்கள், வாசிப்பு இப்போதுதான் பிடித்த பிள்ளைக்குக் கொடுங்கள்.

அன்றிரவு அவளுக்குப் புத்தகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. "விடிய நாலு மணிக்கு எழும்பி, கரண்ட் இல்லாத நாளிலே மெழுகுதிரி வெளிச்சத்திலே நீ படிச்சதை நான் கண்டனான் பிள்ளை. உன்ர ஆசையிலே ஒரு குறையும் இல்லை" என்றேன். அவள் என் மடியில் தலைவைத்து அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை.